அந்த மூன்று நிமிடங்கள்

வெளியாகி இரண்டு வருடம் ஆன ஒரு தொடரிலிருந்து ஒரு காட்சியை வெட்டி எடுப்பது அபூர்வம். 2019 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸ் அதைச் செய்தது. 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' தொடர், முதல் சீசன், கடைசி எபிசோடு. கதாநாயகியான பள்ளி மாணவி தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சி. கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஓடியது. வெட்டுவதற்குள் அதைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் ஏராளம். பலர் பார்த்தது ராத்திரியில், தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு. பக்கத்து அறையில் தூங்கிய அம்மா அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் காட்சி ஏன் எடுக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது என்பது வெறும் சினிமாச் செய்தி இல்லை. கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

ஏழு கேசட், 13 காரணங்கள்

ஜே ஆஷர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2007-ல் எழுதிய நாவல்தான் கதைக்கு மூலம். 2017 மார்ச் 31 அன்று 13 எபிசோடுகளும் ஒரே நாளில் வெளியாயின. தயாரிப்பாளர்களில் ஒருவர் பாடகி செலினா கோமஸ். பதின்வயதினர் மத்தியில் இந்தத் தொடர் பிரபலமாக அந்தப் பெயரே பாதிக் காரணம்.

ஹானா பேக்கர் பள்ளி மாணவி. கதை தொடங்கும்போதே அவள் உயிரோடு இல்லை. போவதற்கு முன் ஏழு கேசட்டுகளில் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொரு பக்கமும் ஒருவரைப் பற்றியது. 'என் சாவுக்கு நீங்கள் ஒரு காரணம்' என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறாள். கேசட் பெட்டி அவளை விரும்பிய க்ளே என்ற பையன் கைக்கு வருகிறது. அவன் கேட்கக் கேட்க, நமக்கும் கதை விரிகிறது. ஒரு போட்டோ போன் போனாகப் பரவுகிறது. வதந்தி கிளம்புகிறது. தோழிகள் விலகுகிறார்கள். எல்லோருக்கும் பிடித்த, பணக்கார விளையாட்டு வீரனான பிரைஸ், முதலில் ஹானாவின் தோழியையும் பிறகு ஹானாவையும் பாலியல் வன்கொடுமை செய்கிறான்.

இந்தத் தொடர் சரியாகச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். குற்றவாளி இருட்டுச் சந்தில் ஒளிந்திருக்கும் அந்நியன் அல்ல, வகுப்பில் கூடப் படிப்பவன். பாதிக்கப்பட்ட பெண் கத்தவில்லை, எதிர்த்து அடிக்கவில்லை, பயத்தில் உறைந்துபோகிறாள். 'கத்தவில்லையே, அப்படியானால் சம்மதம்தானே?' என்று கேட்கிறவர்களுக்கு அது நல்ல பதில். நடந்ததை ஒத்துக்கொள்ளவே முடியாமல் தோழி குடிக்கத் தொடங்குவதும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகு பெற்றோரிடம் முதன்முறையாக வாய் திறந்த பிள்ளைகளும் உண்டு.

எங்கே தவறியது?

முதல் தவறு, சாவை ஒரு ஆயுதமாகக் காட்டியது. உயிரோடு இருந்தபோது ஹானா பேசியதை யாரும் கேட்கவில்லை. செத்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து கேட்கிறார்கள், அழுகிறார்கள், நடுங்குகிறார்கள். நியாயமும் மெல்ல அவள் பக்கம் நகர்கிறது. மனம் உடைந்து கிடக்கும் ஒரு பிள்ளைக்கு இது சொல்லும் செய்தி பயங்கரமானது: 'போய்ச் சேர்ந்தால்தான் உன் பேச்சு எடுபடும்.' நிஜத்தில் போனவர் எதையும் பார்ப்பதில்லை, எந்தப் பதிலையும் கேட்பதில்லை.

இரண்டாவது, மனநோயைப் பற்றிய மௌனம். 13 காரணங்களில் மனச்சோர்வு ஒரு காரணமாகக்கூட இல்லை. இன்னார் இதைச் செய்தார், அதனால் இப்படி ஆயிற்று என்று கணக்குப் போட்டுவிடுகிறது கதை. நிஜத்தில் தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. வன்கொடுமை தந்த அதிர்ச்சி, தூக்கமின்மை, தனிமை, சிகிச்சை பெறாத மனச்சோர்வு என்று பலதும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவம் இருக்கிறது. அந்த ஒரு வரியை 13 மணி நேரக் கதை அழுத்திச் சொல்லவில்லை.

மூன்றாவது, உதவியின் கதவைச் சாத்தியது. கடைசியில் ஹானா பள்ளி கவுன்சலரிடம் போகிறாள். தட்டுத் தடுமாறி நடந்ததைச் சொல்லப் பார்க்கிறாள். அவரோ, புகார் கொடுக்காவிட்டால் இதை மறந்து கடந்துபோக வேண்டியதுதான் என்ற தொனியில் பேசிவிடுகிறார். அவள் வெளியே வந்து கதவருகே நிற்கிறாள். அவர் எழுந்து வருவாரா என்று காத்திருக்கிறாள். வரவில்லை. இப்படிப்பட்ட கவுன்சலர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் கதையில் உதவி கேட்கும் ஒரே முயற்சியும் இப்படி முடிந்தால், பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? 'கேட்டுப் பிரயோஜனம் இல்லை.'

நான்காவது அந்த மூன்று நிமிடம். அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரம் இங்கே தேவையில்லை. தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான நிக் ஷெஃப், தானும் ஒரு காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர். வலியை மறைக்காமல் காட்டினால் பார்ப்பவர்கள் பயந்து விலகுவார்கள் என்று அவர் நம்பினார். நல்ல எண்ணம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் திரைத் துறையினருக்காக 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, தற்கொலைச் செயலையும் முறையையும் காட்டவே வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருக்கும் மனதுக்கு, எச்சரிக்கையாக எடுத்த காட்சியே வழிகாட்டியாகிவிடலாம்.

ஆய்வுகள் சொல்வது

தொடர் வெளியான 19 நாட்களில், தற்கொலை தொடர்பான கூகுள் தேடல்கள் அமெரிக்காவில் எதிர்பார்த்ததைவிட 19 சதவிகிதம் கூடியிருந்தன என்று 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் அதே ஆண்டு வந்த ஆய்வு சொன்னது. வழிமுறையைத் தேடியவர்களும் கூடினார்கள், உதவி எண்ணைத் தேடியவர்களும் கூடினார்கள்.

2019-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. தொடர் வெளியானதை அடுத்து வந்த 2017 ஏப்ரலில், அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரையிலானவர்களின் தற்கொலை விகிதம் 28.9 சதவிகிதம் அதிகரித்திருந்தது. தொடர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே புள்ளிவிவரங்களை மறுபடி அலசிய இன்னொரு ஆய்வாளர், ஆண் பிள்ளைகளிடம் காணப்பட்ட உயர்வு தொடர் வருவதற்கு முந்தைய மாதமே தொடங்கிவிட்டது என்று மறுத்தார். விவாதம் முடியவில்லை. ஆனால் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில், சந்தேகம் இருந்தாலே எச்சரிக்கையாக இருப்பதுதான் நல்லது.

இரண்டாவது சீசனைப் பார்த்த இளைஞர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் பெற்றோர் கவனிக்க வேண்டிய தகவல் ஒன்று இருக்கிறது. முழுதாகப் பார்த்தவர்களைவிட, பாதியில் நிறுத்தியவர்களிடம்தான் ஆபத்தின் அறிகுறி அதிகம் தெரிந்தது. பிள்ளை ஒரு தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டால், 'நல்லவேளை, விட்டுட்டான்' என்று நிம்மதி அடைய வேண்டாம். 'ஏன் நிறுத்திட்டே? எந்த இடம் கஷ்டமா இருந்தது?' என்று கேட்க வேண்டிய நேரம் அது.

மணி அடித்த பாப்பகேனோ

கதை கொல்லுமா என்ற கேள்வி பழையது. 1774-ல் ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதிய நாவலின் நாயகன் பெயரால் 'வெர்தர் விளைவு' என்கிறார்கள். ஒரு தற்கொலைச் செய்தி இன்னொன்றைத் தூண்டுவதற்கு 1974-ல் வைக்கப்பட்ட பெயர் அது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பெயரும் உண்டு. 1791-ல் அரங்கேறிய மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசை நாடகத்தில் பாப்பகேனோ என்று ஒரு பறவை பிடிப்பவன். காதலியை இழந்துவிட்டதாக நினைத்து உயிரை விடத் துணிகிறான். அப்போது மூன்று சிறுவர்கள் வந்து, 'உன்னிடம்தான் மாய மணி இருக்கிறதே, அதை அடித்துப் பார்' என்று நினைவூட்டுகிறார்கள். அவன் அடிக்கிறான், காதலி வருகிறாள். இருண்ட கட்டத்தைத் தாண்டி வந்தவர்களின் கதை பத்திரிகையில் வரும்போது தற்கொலைகள் குறைவதை 2010-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்கு 'பாப்பகேனோ விளைவு' என்றே பெயர் வைத்தார்கள்.

இதற்கு ஓர் உதாரணமும் அதே 2017-ல் கிடைத்தது. ஹானாவின் கதை வெளியாகி ஒரு மாதத்துக்குள், அமெரிக்க ராப் பாடகர் லாஜிக் ஒரு பாட்டை வெளியிட்டார். பாட்டின் தலைப்பே அந்த நாட்டுத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்தான். சாக நினைக்கும் ஒருவன் அந்த எண்ணை அழைக்கிறான், மறுமுனை பேசுகிறது, அவன் வாழ முடிவெடுக்கிறான். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் உதவி எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன, எதிர்பார்த்ததைவிடத் தற்கொலைகள் 245 குறைந்தன என்று 2021-ல் ஒரு மருத்துவ இதழ் கணக்கிட்டது. ஹானாவின் கதையில் பதில் கிடைக்காத அதே கட்டத்தில், இந்தப் பாட்டில் ஒரு குரல் பதில் சொல்கிறது.

கூட ஏறிய தோழிகள்

பாலியல் அத்துமீறலையும் வேறு மாதிரிச் சொல்லலாம். 2020 ஜனவரியில் வந்த 'செக்ஸ் எஜுகேஷன்' இரண்டாம் சீசன் (இது பெரியவர்களுக்கான தொடர், பிள்ளைகளுக்குச் சிபாரிசு இல்லை). எய்மி என்ற மாணவி தோழியின் பிறந்த நாளுக்கு கேக்கோடு பஸ்ஸில் போகிறாள். கூட்டத்தில் பின்னால் நிற்கும் ஒருவன் அசிங்கமாக நடந்துகொள்கிறான். முதலில் அவள் சிரித்து மழுப்புகிறாள், கேக் நசுங்கியதுதான் பெரிய கவலை என்கிறாள். தோழிதான் போலீஸுக்கு அழைத்துப் போகிறாள். அதன்பிறகு எய்மியால் பஸ் ஏறவே முடியவில்லை. அத்தனை தூரமும் நடந்தே பள்ளிக்குப் போகிறாள்.

ஒரு நாள் மற்ற மாணவிகளிடம் சொல்லிவிடுகிறாள். ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். அவளோடு ஏறி, கடைசி சீட்டில் வரிசையாக உட்கார்ந்துகொள்கிறார்கள். தனக்கு பஸ்ஸில் நேர்ந்ததை வைத்தே அந்தக் கதையை எழுதியதாகத் தொடரை உருவாக்கிய லாரி நன் சொல்லியிருக்கிறார். கூட்ட பஸ்ஸில் போய் வந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

ஓ.டி.டி. தொடர் தொடங்கும்போது மூலையில் 'யு/ஏ 13+', 'யு/ஏ 16+', 'ஏ' என்று வந்து மறைகிறதே, அது 2021 முதல் இந்தியாவில் கட்டாயம். பிள்ளையின் ப்ரொஃபைலுக்கு வயது வரம்பும் பூட்டும் போட செட்டிங்ஸில் ஐந்து நிமிடம் போதும். நியூஸிலாந்து தணிக்கை அலுவலகம் ஹானாவின் தொடருக்காகவே 'ஆர்.பி.18' என்று புதிய வகை ஒன்றைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் அல்லது காப்பாளரோடுதான் பார்க்கலாம். தடை போடுவதைவிட, கூட உட்காருவது பெரிய பாதுகாப்பு என்பதுதான் அதன் அர்த்தம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் மாறியிருந்தால், பிடித்த விளையாட்டும் நண்பர்களும் வேண்டாம் என்று ஒதுங்கினால், 'நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி' என்ற மாதிரி பேச்சு வந்தால், ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துக் கொடுத்தால், வயசுக்கோளாறு என்று தள்ளிவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மறைத்து வைத்திருந்தவருக்கு அது பாரத்தை இறக்கி வைக்கும் வாய்ப்பு.

தனக்கு யாரோ தப்பாக ஏதோ செய்துவிட்டார்கள் என்று பிள்ளை சொன்னால், 'நீ ஏன் அங்கே போனே?' என்ற கேள்வி முதலில் வரக் கூடாது. 'நீ சொல்றதை நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்லை' என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரோ அடையாளமோ ஊடகங்களில் வரக் கூடாது. 'வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்' என்று பயப்படும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹானா அந்த கவுன்சலர் அறைக்கு வெளியே நின்றது சில விநாடிகள்தான். நம் வீட்டில் மூடிய அறைக்குள் இருக்கும் பிள்ளையும் அப்படி யாராவது வருவார்களா என்று காத்திருக்கலாம். எழுந்து போய்க் கதவைத் தட்ட, பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

பேச வேண்டும் என்று தோன்றினால்: டெலி மானஸ் - 14416 (24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்). தமிழ்நாடு அரசு சுகாதார உதவி மையம் - 104. சினேகா, சென்னை - 044-24640050. குழந்தைகள் உதவி எண் - 1098.