தொடர்மாடி வந்தது, வகுப்பறை வரவில்லை: கொழும்பு முஸ்லிம்களின் வாக்கும் பாடசாலையும்

வருடா வருடம் முதலாம் தர அனுமதிக்கான விண்ணப்பக் காலம் வந்தால், இஷாத் தொழுகைக்குப் பிறகு எமது மஹல்லா பள்ளிவாசலின் மேல்மாடியில் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவோம். படிவம் நிரப்பத் தெரியாத பெற்றாருக்கு உதவுவதுதான் வேலை. பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சார பில் என்று பொலித்தீன் பைகளில் கட்டுக்கட்டாகக் கொண்டு வருவார்கள்.

கடைசியாக அப்படி உட்கார்ந்தபோது வந்த ஒரு தாயை மறக்க முடியவில்லை. கொம்பனித்தெருவில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம். தோட்டம் உடைக்கப்பட்ட பிறகு நகரத்தின் வேறொரு மூலையில் தொடர்மாடியில் வீடு கிடைத்திருக்கிறது. கையில் ஒதுக்கீட்டுக் கடிதமும் தவணை கட்டிய பற்றுச்சீட்டுகளும் இருந்தன, உறுதி இல்லை. வாக்காளர் இடாப்பில் புது முகவரிக்குப் பெயர் ஏறி இரண்டு வருடங்கள்தான். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தோம். பிள்ளையைச் சேர்க்க அவர் நினைத்திருந்த பாடசாலைக்கு அது போதாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. "நாங்களா கேட்டுப் போனோம் நானா? அவங்கதானே ஏத்தி வெச்சாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பதிலைத் தேடும் முயற்சிதான் இந்தக் கட்டுரை. ஒரு பிள்ளைக்கு வகுப்பறையில் இடம் இல்லாமல் போவதற்கு வீட்டுக் கொள்கையும் தேர்தலும் எப்படிக் காரணமாகின்றன என்பதை நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. வீட்டுப் பிரச்சினையைத் தனியாகப் பேசுகிறோம், பாடசாலைப் பிரச்சினையைத் தனியாகப் பேசுகிறோம், தேர்தல் வந்தால் இரண்டையும் மறந்துவிடுகிறோம்.

வீடுகளைக் கட்டியவர்கள்

கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளை அகற்றி, அங்கிருந்தவர்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டம் புதியதல்ல. பொரளையில் 671 வீடுகளுடன் சஹஸ்புர தொடர்மாடி 2001 இல் வந்தது. ஆனால் 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட பின்னரே இது வேகமெடுத்தது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் உடைக்கப்பட்டதை எமது மக்கள் இன்னும் மறக்கவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் வனாத்தமுல்லை, தெமட்டகொட, மட்டக்குளி பகுதிகளில் தொடர்மாடிகள் வரிசையாக எழுந்தன. சிலருக்குப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். மழை பெய்தால் கான் தண்ணீர் உள்ளே வரும் வீட்டில், பத்துக் குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறையோடு வாழ்ந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் சொந்தக் கழிப்பறையும் கிடைத்தது சிறிய விடயமல்ல. மாடி வீடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாடியைத் திட்டமிட்டவர்கள் அதில் வாழப்போகும் பிள்ளைகளை எண்ணினார்களா என்பதுதான் என் கேள்வி.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 671 வீடுகள் உள்ள ஒரு தொடர்மாடியில் பத்து வீட்டுக்கு ஒரு பிள்ளை வீதம் ஒவ்வொரு வருடமும் ஐந்து வயதை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 67 பிள்ளைகள். அதாவது முதலாம் தரத்தில் ஏறக்குறைய இரண்டு வகுப்புகள். அடுத்த வருடம் இன்னும் இரண்டு. ஐந்தாம் தரம் வரை பார்த்தால் பத்து வகுப்பறைகள், பத்து ஆசிரியர்கள். இது ஒரு கட்டிடத்துக்கான கணக்கு மட்டுமே. இப்படிப் பல கட்டிடங்கள் ஒரே சுற்றுவட்டாரத்தில் எழும்போது அங்குள்ள ஆரம்பப் பாடசாலைகள் என்ன செய்யும்? மண்டபத்தைப் பலகையால் பிரித்து வகுப்பு நடத்தும். விஞ்ஞான கூடத்தை வகுப்பறையாக்கும். எமக்குப் பழகிப்போன காட்சிகள்தான்.

புள்ளித்திட்டம் யாருக்குச் சாதகம்?

அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கான சுற்றறிக்கையின்படி 50 சதவீத இடங்கள் அருகில் வசிப்போருக்கு. 25 சதவீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 சதவீதம் ஏற்கனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு. மீதி கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று பிரிகிறது.

தோட்டத்தில் இருந்து மாற்றப்பட்ட குடும்பத்தை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். புது இடத்துப் பாடசாலைக்குத் தந்தை பழைய மாணவர் அல்ல. மூத்த பிள்ளை பழைய இடத்துப் பாடசாலையிலேயே படிக்கிறது, எனவே சகோதரர் ஒதுக்கீடும் இல்லை. எஞ்சுவது வதிவிடம் மட்டும்தான். அதிலும் உறுதி வைத்திருப்பவருக்கு முழுப்புள்ளி, ஏனையோருக்குக் குறைவு. வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் என்பதற்கும் புள்ளி. அரசாங்கமே இடம் மாற்றிய குடும்பம், அதே அரசாங்கத்தின் படிவத்தில் "புதிதாக வந்தவர்" ஆகிவிடுகிறது.

இதில் எமது சமூகத்துக்கு மேலதிகமான ஒரு சிக்கலும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சட்டத்தின் மூலம் அரசாங்கம் பொறுப்பேற்ற உதவிபெறும் பாடசாலைகளில், பொறுப்பேற்ற காலத்தில் இருந்த மத விகிதாசாரப்படியே இன்றும் இடங்கள் பிரிக்கப்படுகின்றன. கொழும்பின் பெயர்பெற்ற பல பாடசாலைகள் இந்த வகை. அறுபது வருடங்களுக்கு முன் எமது பிள்ளைகள் எத்தனை பேர் அங்கு இருந்தார்கள் என்பதே இன்றைய கதவின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்கு எதிரிலேயே பாடசாலை இருந்தாலும் உள்ளே நுழைய முடியாமல் போவது இதனாலும்தான். தமிழ்மொழி மூலம் படிப்பிக்க விரும்பினால் தெரிவு இன்னும் சுருங்கும். முடிவில், நகரமெங்கும் இருந்து எமது பிள்ளைகள் ஒரு சில முஸ்லிம் பாடசாலைகளையே நோக்கி வருகிறார்கள்.

வாக்குக் கேட்டவர்கள்

இனித் தேர்தலுக்கு வருவோம். 2018 பெப்ரவரி 10 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2023 மார்ச் 9 இல் நடந்திருக்க வேண்டும். நிதியில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம். கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 48 ஐப் பெற்றது; எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16 இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்ற கணக்கில் மேயர் தெரிவானார். அந்த நாட்களில் எமது தேநீர்க் கடைகளில் மேயர் யார், எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் தாவுவார் என்பதே பேச்சு. எமது வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வந்த எவரிடமும் நாங்கள் பாடசாலையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "அது மாநகர சபையின் வேலை இல்லையே" என்று சொல்லியிருப்பார்கள். அது ஒருவகையில் உண்மையும்கூட.

எமது நாட்டில் பாடசாலைகளை உள்ளூராட்சி சபைகள் நடத்துவதில்லை. 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு, பத்தாயிரத்துக்கும் அதிகமான அரசாங்கப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபைகளின் கீழ். நானூறுக்கும் குறைவான தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ். தொடர்மாடிகளைக் கட்டும் நகர அபிவிருத்தி அதிகார சபையோ மத்திய அரசின் வேறொரு அமைச்சின் கீழ். மாநகர சபையிடம் இருப்பது வீதி, வடிகான், குப்பை, முன்பள்ளி, நூலகம், விளையாட்டுத் திடல், கட்டிட அனுமதி.

சரி, மாகாண சபையிடம் கேட்கலாமே என்றால், கேட்பதற்கு அங்கே ஆளில்லை. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச்சில். அதன் பதவிக்காலம் 2019 இல் முடிந்தது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்ததோடு தேர்தல் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. சபை கலைந்த நாள் முதல் ஆளுநரும் அதிகாரிகளும்தான் நிர்வாகம். எமது பிள்ளைகள் படிக்கும் மாகாணப் பாடசாலைக்கு எந்தக் கட்டிடம், எத்தனை ஆசிரியர் என்று தீர்மானிக்கும் இடத்தில், நாம் வாக்களித்து அனுப்பிய ஒருவர்கூட இல்லை.

ஆக, வீட்டைக் கட்டுபவருக்கு வகுப்பறை பொறுப்பில்லை. வகுப்பறைக்குப் பொறுப்பானவருக்கு வாக்காளர் பயமில்லை. வாக்காளருக்குப் பயப்படுபவரிடம் அதிகாரமில்லை. அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாமல் போனது இதனால்தான்.

பணம் எங்கே போகிறது?

பாடசாலைக்கு அரசாங்கம் தரும் தர உள்ளீட்டு நிதியும் ஆசிரியர் ஆளணியும் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டவை. இது நியாயம்போலத் தெரியும். நடைமுறையில், பிள்ளைகள் கூடும் பாடசாலைக்கு நிதி வந்தாலும் இடம் வருவதில்லை. பிள்ளைகள் குறையும் பாடசாலைக்கு இடம் இருந்தாலும் நிதி வருவதில்லை. குறை நிரப்பப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றாரிடம் கைநீட்டுகிறது. வசதியான பெற்றார் உள்ள பாடசாலைக்குக் கட்டிடமும் கூரையும் வரும். நாட்கூலிக்குப் போகும் பெற்றார் உள்ள பாடசாலைக்கு மின்விசிறி கூட வராது.

பிறப்பு குறைகிறது, நெரிசல் தானாகத் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். 2019 இல் நாட்டில் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள் பதிவாகின. 2023 இல் அது சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் நெரிசல் நாடு முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. பிள்ளைகள் குறையும்போது முதலில் காலியாவது ஏற்கனவே காலியாக இருக்கும் பாடசாலைதான். நெரிசலான பாடசாலையின் வாசலில் வரிசை அப்படியே இருக்கும்.

இங்கே எம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் சிறிய முஸ்லிம் பாடசாலையை "அது சரியில்லை" என்று விட்டுவிட்டு, பெயருள்ள பாடசாலைக்காக வாடகை முகவரி தேடுபவர்கள் நாமும்தான். பொய் முகவரியில் ஒருவர் பெறும் இடம், உண்மையில் அருகில் வசிக்கும் இன்னொரு பிள்ளையின் இடம். அந்தச் சிறிய பாடசாலையில் பிள்ளைகள் குறைய, ஆசிரியரும் நிதியும் குறைய, அது உண்மையிலேயே சரியில்லாமல் போகிறது.

என்ன கேட்கலாம்?

நடைமுறைக்கு ஏற்றவையாக எனக்குப் படுவன சில.

முதலாவது, சுற்றறிக்கைத் திருத்தம். அரசாங்கத் திட்டத்தால் இடம் மாற்றப்பட்ட குடும்பத்தின் பழைய முகவரி ஆண்டுகளைப் புது முகவரிக்கும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கு உறுதிக்குச் சமமான புள்ளி தர வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு பந்தி போதும்.

இரண்டாவது, புதிய தொடர்மாடி எதுவாக இருந்தாலும், அங்கு வரப்போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அவர்களுக்கான வகுப்பறைகளும் அடித்தளம் போடுவதற்கு முன்பே வலயக் கல்விப் பணிமனையுடன் பேசி எழுதப்பட வேண்டும். பாடசாலை மாநகர சபையின் பொறுப்பில்லைதான். ஆனால் இதைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்ற எந்த உறுப்பினருக்கும் தடையில்லை. எமது வாக்கில் வென்றவர்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, மாகாண சபைத் தேர்தல். இதை வடக்குக் கிழக்கின் அரசியல் கோரிக்கையாக மட்டும் நாம் பார்த்து வந்திருக்கிறோம். கொழும்பில் இருக்கும் எமக்கு அது வகுப்பறைக் கோரிக்கை.

நான்காவது எமது கையில் இருப்பது. ஒவ்வொரு மஹல்லாவிலும் அடுத்த மூன்று வருடங்களில் ஐந்து வயதாகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் எடுக்கலாம். ஸகாத் பட்டியலும் ஜனாஸாக் கணக்கும் வைத்திருக்கும் எமக்கு இது பெரிய வேலையல்ல. கடிதம் வாங்கித் தாருங்கள் என்று அரசியல்வாதியின் வீட்டு வாசலில் தனித்தனியாக நிற்பதை விட, இத்தனை பிள்ளைகள், இத்தனை இடங்கள், இவ்வளவு குறை என்று ஒரு தாளோடு போவது வேறு மாதிரி.

அந்தத் தாயின் பிள்ளைக்குக் கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்தது. காலை ஐந்தரைக்குப் பிள்ளையோடு பன்னிரண்டாவது மாடியில் இருந்து லிஃப்டுக்குக் காத்து நிற்கிறார். வீடு கிடைத்துவிட்டது, பாடசாலையும் கிடைத்துவிட்டது. அரசாங்கப் பதிவேட்டில் இரண்டுக்கு எதிரிலும் சரி போட்டிருப்பார்கள். அடுத்த விண்ணப்பக் காலம் வரும்போது எமது மேல்மாடியில் இன்னொரு தாய் அதே கேள்வியோடு வருவார். அதற்கு முன் அடுத்த வாக்குக் கேட்பவர் வந்தால், படிவத்தை அவரிடமும் ஒருமுறை நிரப்பச் சொல்லிப் பாருங்கள்.