சொந்தக்காரர் ரத்தம் சிறந்ததல்ல

"வெளியாள் ரத்தம் வேண்டாம் டாக்டர். நாங்களே நாலு பேர் இருக்கோம், எங்க ரத்தத்தையே ஏத்துங்க." ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டால் போதும், படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் குடும்பம் குடும்பமாக இதைச் சொல்கிறார்கள். அண்ணன் ரத்தம் தம்பிக்கு ஒட்டும், அப்பா ரத்தம் மகளுக்குச் சேரும், ஊர் பேர் தெரியாதவன் ரத்தம் என்னவெல்லாம் கொண்டுவருமோ என்பது எண்ணம். பாசத்தில் பிறந்த பேச்சு இது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த நம்பிக்கை அடியோடு தவறு. சில சமயம் அது நோயாளியின் உயிரையே எடுத்துவிடும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. பாதிக்கு மேல் பிளாஸ்மா என்ற மஞ்சள் நிற நீர். மிச்சம் பெரும்பாலும் சிவப்பணுக்கள். எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணு, ரத்த ஓட்டத்தில் கலப்பதற்கு முன்பே தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. உட்கருவில்தான் மரபணுக்கள் இருக்கின்றன. அதாவது, பரம்பரை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது சிவப்பணுவுக்குள் இல்லவே இல்லை. அது ஆக்சிஜனைச் சுமக்கும், சுமார் 120 நாள் ஓடும், பிறகு மண்ணீரலும் கல்லீரலும் அதைச் சிதைத்து இரும்பை மீட்டுக்கொள்ளும். ஏற்றிக்கொண்ட சிவப்பணுக்கள் நாலு மாதத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சாது. கொடுத்தவரின் குணமோ குலமோ அதில் வரும் என்பதற்கு அங்கே இடமே கிடையாது.

"என் ரத்தத்தைக் குடுத்து வளத்த புள்ள" என்று தாய் சொல்வதிலுள்ள உணர்வை மதிக்கிறேன். ஆனால் கருப்பையில்கூட தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் தனித்தனி ஓட்டங்கள்தான். நஞ்சுக்கொடியில் மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் அவை ஓடுகின்றன. உணவும் ஆக்சிஜனும் கடக்கின்றன, ரத்தம் கலப்பதில்லை. பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கசிந்துவிட்டால், அதுவே சிக்கலாகலாம். ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடுவது அதற்காகத்தான். பெற்ற பிள்ளையின் ரத்தத்தையே தாயின் உடம்பு அந்நியம் என்று எதிர்க்கிறது.

ரத்த வங்கியில் குரூப் பார்ப்பதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். ஒரு கண்ணாடித் தகட்டில் மூன்று இடத்தில் ரத்தத் துளி. ஒன்றின் மேல் நீல நிற மருந்து, அது ஆன்டி-ஏ. அடுத்ததில் மஞ்சள், ஆன்டி-பி. மூன்றாவது நிறமில்லாத ஆன்டி-டி. குச்சியால் கலக்கித் தகட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறார் டெக்னீஷியன். சில நொடிகளில் ஒரு துளி திரிந்த பால்போலக் குருணை குருணையாகப் பிரிகிறது; பக்கத்துத் துளி அப்படியே வழவழவென்று நிற்கிறது. நீலத்தில் திரிந்து மஞ்சளில் திரியாவிட்டால் ஏ குரூப். இந்தத் திரிதல் ரத்தக்குழாய்க்குள் நடந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீரகம் செயலிழந்து, ஆள் இறந்துபோகலாம். 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் உடன் வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்துக் கண்டுபிடித்தது இதைத்தான். அதற்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா ஏ, அம்மாவும் ஏ. பிள்ளை ஓ. இது சாதாரணமாக நடப்பது. இருவருமே ஓ மரபணு ஒன்றை மறைவாக வைத்திருந்தால் போதும். அந்தப் பிள்ளை விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது பெற்றவர் இருவரில் ஒருவர் ரத்தத்தையும் ஏற்ற முடியாது. அடுத்த தெருவில் இருக்கும், முகம் தெரியாத ஓ குரூப்காரர் ரத்தம் சேரும்.

"குரூப் சேர்ந்தால் சொந்தக்காரர் ரத்தம் நல்லதுதானே?" என்பார்கள். இங்கேதான் பெரிய ஆபத்து. கொடுக்கப்படும் ரத்தத்தில் உயிருள்ள வெள்ளையணுக்களும் இருக்கின்றன. வழக்கமாக நோயாளியின் எதிர்ப்புச் சக்தி அவற்றை வெளியாள் என்று கண்டு சில நாளில் அழித்துவிடும். அந்த அடையாளத்தை எச்எல்ஏ என்ற மரபணுத் தொகுதி தீர்மானிக்கிறது; பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து. நெருங்கிய சொந்தத்தில் இந்தப் பாதி பொதுவாக இருக்கும். ரத்தம் கொடுப்பவரிடம் இரண்டு பாதியும் ஒரே மாதிரி அமைந்து, அது நோயாளியின் ஒரு பாதியோடு ஒத்துப்போனால், நோயாளியின் உடம்பு வந்த அணுக்களை "நம்ம ஆள்" என்று விட்டுவிடும். வந்த அணுக்களோ நோயாளியின் மறுபாதியைக் கண்டு "இது அந்நியம்" என்று தாக்கத் தொடங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை. கடைசியில் எலும்பு மஜ்ஜையே அழிந்து ரத்தம் ஊறுவது நின்றுபோகிறது. அபூர்வமாக வருவதுதான். ஆனால் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள்.

ஜப்பானில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நோயாளிகள் பத்துப் பதினைந்து நாளில் உடல் சிவந்து செத்துப்போவதைப் பல ஆண்டுகள் மருத்துவர்கள் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால்தான் காரணம் விளங்கியது: இதய அறுவைக்குப் புதிதாக எடுத்த ரத்தம், பல சமயம் குடும்பத்தாரே கொடுத்தது. அக்கா மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் நம் ஊர் இதைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த பெற்றோரின் பிள்ளைக்கு இரண்டு பாதியும் ஒரே மாதிரி அமையும் வாய்ப்பு அதிகம். நெருங்கிய உறவினர் ரத்தத்தை ஏற்றியே ஆகவேண்டுமென்றால் 25 கிரே அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்து அந்த வெள்ளையணுக்களைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை.

"ஃப்ரெஷ்ஷா எடுத்து உடனே ஏத்துங்க" என்ற வேண்டுகோளும் இதோடு சேர்ந்தே வரும். புதிதாக எடுத்த ரத்தத்தில்தான் அந்த வெள்ளையணுக்கள் முழு வீரியத்தோடு இருக்கும். குளிர்பெட்டியில் இருக்க இருக்க அவற்றின் வேகம் குறையும். 2 முதல் 6 டிகிரியில் வைத்த சிவப்பணுக்கள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள் வரை நல்ல நிலையில் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்ததைப் பழைய சோறு மாதிரி பார்ப்பதற்குக் காரணமே இல்லை.

மனைவிக்குக் கணவன் ரத்தம் கொடுப்பதும் தியாகமாகப் பேசப்படுகிறது. பிள்ளை பெறும் வயதுள்ள மனைவிக்கு அது கூடாது என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். கணவனின் அணுக்களுக்கு எதிராக அவள் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால், அப்பாவின் அம்சத்தோடு வரும் அடுத்த கருவை அது தாக்கும்.

இன்னொன்று, மருத்துவத்தைவிட மனித சுபாவம் சார்ந்தது. மாமியார், மைத்துனர், சித்தப்பா எல்லாரும் சுற்றி நிற்க, "நீ குடுப்பா" என்று இளைஞன் ஒருவனைத் தள்ளுகிறார்கள். போன மாதம் மலேரியா வந்ததையோ, சமீபத்தில் பச்சை குத்திக்கொண்டதையோ, வெளியே சொல்ல முடியாத வேறு ஒன்றையோ அவன் அந்த இடத்தில் சொல்வானா? கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்துவிட்டுப் படுத்துவிடுவான். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்தையும் சோதிப்பது இந்தியாவில் கட்டாயம். ஆனால் தொற்று புதிதாக நுழைந்த நாட்களில் சோதனையில் சிக்காத இடைவெளி ஒன்று உண்டு. அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது கொடுப்பவரின் உண்மைப் பேச்சு மட்டும்தான். யார் வற்புறுத்தலும் இல்லாமல், யாருக்கு என்றும் தெரியாமல், வருஷத்துக்கு இரண்டு முறை தானாக வந்து கொடுப்பவருக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட்டவர் வேறு.

வெளியாள் ரத்தத்தின் மேல் பயம் வந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு காலத்தில் காசுக்கு ரத்தம் விற்பவர்களே பல ஊர்களில் வங்கிகளை நிரப்பினார்கள். பசிக்காக, போதைக்காக, நோயை மறைத்து விற்றார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 1998 ஜனவரி 1 முதல் ரத்த விற்பனை தடை செய்யப்பட்டது. அந்தப் பயம் மட்டும் தங்கிவிட்டது. விற்றவனுக்கும் தானாகக் கொடுப்பவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருவரையும் "வெளியாள்" என்கிறோம். "ஒரு யூனிட்டுக்கு ஒரு ஆள் கூட்டிட்டு வாங்க" என்று மருத்துவமனைகள் நெருக்கும்போது, ஆள் கிடைக்காத ஏழைக் குடும்பம் யாருக்காவது காசு கொடுத்து "இவர் எங்க பெரியப்பா பையன்" என்று நிறுத்துகிறது. ஒழித்துவிட்டதாக நினைத்த வியாபாரம் சொந்தக்காரர் வேஷத்தில் திரும்பி வருகிறது. 2018இல் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையைச் சிலர் எனக்கு எதிராக நீட்டுவார்கள். அங்கே தவறியது சோதனை. சோதனை தவறினால் அண்ணன் ரத்தமும் காப்பாற்றாது.

ரத்தத்தில் குணம் ஓடுகிறது என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. 1667இல் பாரிஸில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர், வெறிபிடித்த மனிதர் ஒருவருக்குக் கன்றுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். கன்றின் சாந்தம் அவருக்கு வரும் என்று நம்பினார்கள். சில வாரங்களில் அவர் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர்கள் ரத்தத்தைத் தனியாகவும் வெள்ளையர் ரத்தத்தைத் தனியாகவும் பிரித்து வைத்தது; 1950 வரை இது நீடித்தது. பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் பெரும்பணியை நடத்திக்காட்டிய மருத்துவர் சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பர். இப்படிப் பிரிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. "யாரு குடுத்தது, எந்த ஊரு, என்ன ஆளுக?" என்று ரத்த வங்கி ஜன்னலில் தாழ்ந்த குரலில் விசாரிப்பவர்கள் அதே நோயைத்தான் சுமக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஜன்னலைச் சாத்துவதே சரி என்பேன்.

விதிவிலக்கு உண்டு. 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டே குழுவினர் கண்டறிந்த 'பாம்பே குரூப்' உள்ளவருக்கு அதே குரூப் ரத்தம் மட்டுமே சேரும். அப்போது உடன்பிறந்தவர்களைத்தான் முதலில் தேடுவார்கள், கதிர்வீச்சு முன்னெச்சரிக்கையோடு. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கும் உடன்பிறந்தவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியா உள்ள குழந்தைக்கு அண்ணன் மஜ்ஜை நாளைக்குப் பயன்பட வேண்டுமென்றால், இன்றைக்கு அவன் ரத்தத்தை ஏற்றிவிடக் கூடாது. ஏற்றினால் உடம்பு அவன் அணுக்களை எதிர்க்கப் பழகிவிடும். மஜ்ஜை ஒட்டாமல் போகலாம்.

ஆகவே நாலு பேராக வந்த சொந்தங்களைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினும் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். எடுப்பது 350 மில்லி; அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். ஜன்னலில் இருப்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "எங்க ரத்தம் யாருக்குத் தேவையோ அவங்களுக்குப் போகட்டும். எங்க ஆளுக்கு ஏற்கெனவே சோதிச்சு வெச்சதைக் குடுங்க." அந்த நாலு யூனிட்டும் ஆள் கூட்டிவர முடியாத யாரோ நாலு பேருக்கு அந்த வாரமே பயன்படும்.