ஏழு பொத்தானுக்கு 6,000 வெள்ளியா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிங்க, ஏன்னா இது உங்க உண்டியல் காசு விஷயம்.

போன வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட் முடிச்சு, தூங்கி எழுந்து, மதியம் ஒன்றரைக்கு ஆலயத்தில் விளக்கு துடைச்சிக்கிட்டு இருந்தேன். ஈப்போவில் இருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. நடை சாத்தியாச்சு, இனி மாலை 5 மணிக்குத்தான் என்றேன். பேரன் கைப்பேசியை நீட்டினான். "அங்கிள், உங்க அகப்பக்கத்துல பூசை நேரம் எங்க இருக்குன்னே தெரியலை." வாங்கிப் பார்த்தேன். மேலே வரிசையாக ஏழு காலிக் கட்டம். எதிலும் ஓர் எழுத்து கிடையாது. அந்தப் பாட்டி மூன்றரை மணி நேரம் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

இதைச் செயலவைப் புலனக் குழுவில் போட்டேன். உடனே பதில் வந்தது. "மென்பொருள் பழசு அண்ணே, புதுசு வாங்கணும்." மறுநாளே ஒரு கொட்டேஷனும் வந்துவிட்டது. 6,000 வெள்ளி, அதுக்கு மேல வருடச் சந்தா.

நான் எஸ்.பி.எம் வரைக்கும் படிச்சவன். ஆனா முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் இருக்கேன். லேபல் ஒட்டாம பெட்டி வெளியே வந்தா, எந்திரத்தை மாத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. லேபல் எங்கே போச்சுன்னுதான் முதல்ல பார்ப்போம். அன்று ராத்திரி அதைத்தான் செய்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் அக்கா மகன் பக்கத்தில் இருந்தான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏழு படமும் செர்வரில் பத்திரமாக இருக்கு. ஐந்து படத்தின் கோப்புப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குது, பக்கத்தின் உள்ளே அதே பெயரைச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கு. விண்டோசுக்கு இரண்டும் ஒன்றுதான். நம்ம செர்வர் லினக்ஸ். அதுக்கு அவை இரண்டு வேறு கோப்பு, தேடிப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்லிடும். மீதி இரண்டு இன்னும் மோசம். படம் இருக்கும் இடம் என்று செய்தவரோட மடிக்கணினி சி டிரைவ் முகவரியே கொடுத்திருக்கு. ஈப்போவில் இருப்பவர் கைப்பேசி அவர் வீட்டு மடிக்கணினிக்குள் போய்ப் படம் எடுக்குமா? "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் பார்த்தது தன்னிடம் இருக்கும் நகலை. அந்தத் தம்பி சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்தவர், அவரை யாரும் திட்டாதீங்க. என் சண்டை அவரோடு இல்லை.

பெயரைத் திருத்தினால் படம் வந்துவிடும், செலவு பூச்சியம். ஆனா அதோடு நான் விடப் போவதில்லை. மெனுவை ஏன் படமாகப் போடணும்?

முன்னே அதுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீடு. நம்மகிட்ட உள்ள எழுத்துரு அடுத்தவர் கணினியில் இல்லைன்னா எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். படமாகப் போட்டால்தான் தப்பிக்க முடியும். இப்போ யூனிகோடு வந்து எத்தனை வருடம்! முரசு அஞ்சல் பிறந்ததே நம்ம மலேசியாவில், முத்து நெடுமாறன் செய்தது. உங்க பாட்டிகூடப் புலனத்தில் தமிழில் செய்தி அனுப்புறாங்க. ஆலயம் மட்டும் 'பூசை நேரம்' என்ற இரண்டு வார்த்தையைப் படம் எடுத்து ஒட்டணுமா?

படம்தான் அழகு, வேலும் மயிலும் போடலாம் என்று தலைவர் ஐயா சொல்றார். போடலாம் ஐயா. படம் பின்னால் இருக்கட்டும், எழுத்து அதன் மேல் எழுத்தாகவே இருக்கட்டும். படம் வராமல் போனாலும் எழுத்து நிற்கும். நம்ம ஆலயத்துக்குக் கண் பார்வை இல்லாத ஒருவர் கிருத்திகை தவறாமல் வருகிறார். அவர் கைப்பேசி திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும். எழுத்து விளக்கம் வைக்காத படத்தில் வாசிக்க அதுக்கு என்ன இருக்கு?

இப்போ மென்பொருளுக்கு வர்றேன். நம்ம முதல் அகப்பக்கம் ஃபிரண்ட்பேஜில் செய்தது. அது 2003 பதிப்போடு நின்றது. அடுத்தது அடோபி மியூஸ், 2020 மார்ச்சில் ஆதரவை நிறுத்திட்டாங்க. கோபுரம் மின்னுகிற மாதிரி ஃபிளாஷில் ஒரு படம் ஓடுமே, ஞாபகம் இருக்கா? அதுவும் 2020 டிசம்பர் 31-ஓடு போச்சு. ஒவ்வொரு முறையும் திரும்ப முதலில் இருந்து செய்தோம். இப்போ நாலாவதாக ஒன்றுக்கு 6,000 வெள்ளி கேட்கிறாங்க, அதுவும் அவங்க ஆள் மட்டுமே திருத்தக்கூடிய மாதிரி. தைப்பூசத்துக்கு முந்தின நாள் ராத்திரி நேரம் மாறினால் யாரைக் கூப்பிடுவீங்க?

வேர்ட்பிரஸ் 2003-ல் வந்தது, இன்னும் ஓடுது, மென்பொருள் இலவசம். இலவசம்னா வேலையே இல்லைன்னு நினைக்காதீங்க. மாதம் ஒரு முறையாவது புதுப்பிக்கணும், விட்டுவிட்டால் கண்டவனும் உள்ளே நுழைவான். செர்வர் வாடகையும் டொமைன் பெயருக்கான கட்டணமும் எப்படியும் கட்டணும். அதெல்லாம் உண்மைதான். ஆனா நாளைக்கு நான் இல்லைன்னாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து திருத்த முடியும். வேறு மென்பொருள் நல்லதுன்னு யாராவது சொன்னால் கேட்கத் தயார். மூன்று பேருக்குத் திருத்தத் தெரியுமா, உள்ளே உள்ளதை முழுசாக வெளியே எடுக்க முடியுமா, இந்த இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

இன்னொன்று. டொமைன் இப்போது யார் பெயரில் இருக்குன்னு கேட்டேன். குழுவில் மூன்று நாளாகப் பதில் இல்லை. ஆலயச் சாவி செயலாளரிடம் இருக்கு, உண்டியல் சாவி பொருளாளரிடம் இருக்கு, இந்தச் சாவி எங்கே?

ஞாயிறு காலை பூசை முடிந்து 10 மணிக்கு மண்டபத்தில் கூட்டம். கொட்டேஷனுக்குக் கை தூக்குவதற்கு முன் என் மடிக்கணினியில் திருத்திய பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்துட்டுத் தூக்குங்க.

அதுவரைக்கும் பூசை நேரத்தை இங்கேயே போடுறேன். காலை 6.30 முதல் 12 வரை, மாலை 5 முதல் 9 வரை. தூரத்தில் இருந்து வர்ற உறவுக்காரங்க இருந்தால் அனுப்பி விடுங்க.