காணாமற்போன பட்டை



கிறிஸ்துமசுக்கு முந்திய வாரத்தில் ஓர் இரவு, திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, கம்ப்யூட்டர்ல மணி காட்டுற இடத்தைக் காணோம்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மகன் தொலைபேசியை வாங்கி விவரம் கூறினான். திரையின் அடியில் நெடுகக் கிடக்கும் பட்டை மறைந்துவிட்டது. அதன் இடக்கோடியிலிருந்த மெனு, வலக்கோடியிலிருந்த கடிகாரம், வைஃபை அடையாளம் யாவும் அதனோடு போயின. இணையம் பார்க்கும் சாளரத்தின் மேல்மூலையில் இருக்க வேண்டிய மூன்று பொத்தான்களும் இல்லை.

"கடையில கேட்டேன் மாமா. ஃபார்மேட் பண்ணினாச் சரியாயிரும்னு சொல்றாங்க. காலையில கொண்டு போகட்டுமா?"

"கொண்டு போகாதே. நான் சொல்கிறவரை அதை வீட்டைவிட்டு வெளியே எடுக்காதே" என்றேன். என் குரல் சற்றுக் கடுமையாகவே இருந்திருக்க வேண்டும், பையன் மௌனமானான்.

கடுமைக்குக் காரணம் உண்டு. என் தங்கையின் கணவர் 2021-ஆம் ஆண்டு கொரோனாவில் இறந்துபோனார். ஊரில் கேரல் பாட்டுக் குழுவுக்கு அவரே தலைவர். அவர் பாடியதைப் பிள்ளைகள் செல்பேசியில் பதிந்து, பிறகு அந்தக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தனர். செல்பேசியோ பழுதாகிப் போயிற்று. அவர் குரல் எஞ்சியிருந்த இடம் அந்தக் கணினி ஒன்றே. அன்றிரவு அவர்கள் அதைத் திறந்ததே, குடில் கட்டும்போது அவர் பாட்டை ஒலிக்கச் செய்வதற்காகத்தான்.

ஃபார்மேட் என்றால் வட்டு முழுவதையும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதுதல். 2014-இல் என் கணினியிலும் இதேபோல் ஏதோ மறைந்துபோக, அவசரப்பட்டு ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் பளிச்சென்று திரும்பி வந்தது. என் பெற்றோரின் திருமணப் படத்தையும் பாட்டனாரின் கடிதங்களையும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து படியெடுத்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைக்காரரை நோவதற்கில்லை. பிரதி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறைந்தது வெறும் ஒரு பட்டைதான் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது.

இத்தகைய கணினி நம் வாசகர் பலர் வீட்டில் இருக்கக்கூடும் என்பதால் அதன் வரலாற்றையும் சிறிது சொல்கிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகள் மட்டுமன்றி, நம் மறைமாவட்டங்கள் நடத்தும் பள்ளிகள் உள்ளிட்ட அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களும் அவற்றைப் பெற்றனர். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் அருகருகே இருந்தன. ஒன்று விண்டோஸ் 7-இன் 'ஸ்டார்ட்டர்' வகை; பின்திரைப் படத்தை மாற்றக்கூட அதில் இடமில்லை என்று பிள்ளைகள் குறைபட்டுக்கொள்வர். மற்றொன்று 'பாஸ்' லினக்ஸ். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழிலேயே மெனுக்களைக் காட்டவல்லது. பெரும்பாலான வீடுகளில் அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

என் தங்கையின் மூத்த மகள் 2013-இல் பெற்ற கணினிதான் இது. 2020 சனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றுபோகவே, அவளுடைய தோழி ஒருத்தி இதில் 'லினக்ஸ் மின்ட்' என்ற இயங்குதளத்தை இட்டுக் கொடுத்தாள். பழைய கணினிக்கு ஏற்றதென்று அதன் 'மாத்தே' வகையைத் தேர்ந்தெடுத்தாளாம். மாத்தே என்பது தென் அமெரிக்க மக்கள் விரும்பிப் பருகும் ஒரு பானத்தின் பெயர். இத்திரை அமைப்பை 2011-இல் தொடங்கியவர் அர்ஜென்டினா நாட்டினர், ஆதலால் அப்பெயர். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் முடிவுற்றமையால், இன்னும் பல பழைய கணினிகள் இவ்வழிக்கு வரக்கூடும்.

இனி, மறைந்தது யாது என்பதைக் காண்போம். நம் பங்குத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பந்தல்காரர் வேறு; மைக்செட்காரர் வேறு; சீரியல் விளக்குக் கட்டுபவர் வேறு; சப்பரம் சோடிப்பவர் வேறு. விளக்குக்காரர் அயர்ந்து உறங்கிவிட்டால் கோயில் முகப்பு இருட்டில் நிற்கும். ஆயினும் சப்பரமும் அதிலுள்ள சுரூபமும் இருந்த இடத்திலேயே இருக்கும். விளக்குக்காரரைத் தட்டி எழுப்பினால் போதும். கோயிலை இடித்துக் கட்ட வேண்டுவதில்லை.

லினக்ஸ் திரையும் பெரும்பாலும் அத்தகையதே. இதன் அடித்தளமான 'எக்ஸ்' என்னும் சாளர முறை 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தோன்றியது. சாளரத்துக்கு இடம் ஒதுக்குவதோடு அது நின்றுகொள்ளும்; சட்டமும் பொத்தான்களும் எப்படி இருக்க வேண்டும் என்பதை வேறொரு நிரலிடம் விட்டுவிடும். மாத்தேயில் அந்த வேலையைச் செய்பவர் 'மார்க்கோ'. 'பேனல்' எனப்படும் பட்டையை வரைபவர் தனி ஆள். பின்திரையில் உள்ள சின்னங்களைக் காட்டுபவர் இன்னொருவர். இவர்களுள் ஒருவர் விழுந்தாலும் மற்றவர் வேலை நிற்பதில்லை. நம் படங்களும் பாட்டுகளும் வட்டில் இருக்கின்றன. பட்டையை வரைபவருக்கு அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை.

இதைச் சுருக்கமாக மருமகனுக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதலில் எஃப்-11 விசையை ஒருமுறை அழுத்தச் சொன்னேன். "பொத்தான் மூணும் வந்திருச்சு மாமா!" என்று கூவினான். நடந்தது இதுதான்: பட்டையைக் காணாத பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட விசைகளையெல்லாம் அழுத்தியிருக்கிறான். எஃப்-11 பட்டதும் இணையச் சாளரம் முழுத்திரையாக விரிந்து தன் பொத்தான்களை மறைத்துக்கொண்டது. பாதி நோய் நாமே வரவழைப்பது.

பட்டை மட்டும் வரவில்லை. அதைத் தேடுமுன் வேறொரு காரியம் முக்கியம் என்றேன். பின்திரையில் இருந்த 'ஹோம்' சின்னத்தை இருமுறை சொடுக்கினான்; அடைவு திறந்தது. இசை அடைவில் தந்தையின் பாட்டுகள் இருந்தன. எண்ணிப் பார்த்துப் பதினேழு என்றான். அவற்றையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் படியெடுக்கும்படி சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் என் தங்கை மறுமுனையில் பேசாமல் இருந்தாள்.

அதன்பின் ஆல்ட், எஃப்-2 விசைகளைச் சேர்த்து அழுத்தினான். கட்டளை கேட்கும் சிறு பெட்டி தோன்றவேண்டும், தோன்றவில்லை. மாத்தேயில் அந்தப் பெட்டியைக் காட்டுபவரும் பட்டைக்காரரே. உறங்குகிறவரிடமே சாவி இருந்தது! ஆகவே கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். 'டெர்மினல்' என்னும் கட்டளைச் சாளரம் திறந்தது. அதில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எம்-ஏ-டி-இ, ஒரு சிறுகோடு, பி-ஏ-என்-இ-எல், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடுகள், ஆர்-இ-பி-எல்-ஏ-சி-இ என்று எழுதி என்டர் விசையை அழுத்தினான். பட்டை ஒரு கணம் தோன்றி மறைந்தது. நல்ல அறிகுறிதான், ஆள் உயிரோடிருக்கிறார், எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

ஏன் முடியவில்லை? டி-எஃப், ஓர் இடைவெளி, சிறுகோடு, எச் என்ற கட்டளை வட்டின் நிலையைச் சொல்லும். அது நூறு விழுக்காடு நிரம்பியிருந்தது. செல்பேசியிலிருந்து கொட்டிய காணொளிகள்! என் கணிப்பு இது: வட்டில் இடமில்லாத வேளையில் மின்சாரம் போயிருக்கிறது, மின்கலம் செத்த பழைய கணினியாதலால் அக்கணமே அணைந்திருக்கிறது, பட்டை எங்கே, எவ்வளவு உயரம், எதன்பின் எது என்று குறித்து வைக்கும் ஏடு அரைகுறையாகிவிட்டது. வேண்டாத காணொளிகளை நீக்கச் சொன்னேன். நீக்கியும் இடம் கூடவில்லை. குப்பைத்தொட்டிக்குப் போனவை அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அதையும் காலி செய்தபிறகே வட்டு மூச்சுவிட்டது. பின்பு அதே பேனல் கட்டளையின் இறுதிச் சொல்லுக்குப் பதிலாக ஆர்-இ-எஸ்-இ-டி என்று எழுதவைத்து, கணினியை முறைப்படி அணைத்து மீண்டும் தொடங்கச் சொன்னேன். இக்கட்டளை பட்டையின் குறிப்பேட்டை மட்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். அதில் நாம் விரும்பி ஒட்டிவைத்த குறுக்குவழிகள் போய்விடும்; கோப்புகளுக்கு ஒன்றும் நேராது.

அவன் திரும்பத் தொடங்கும்வரை வாசகருக்கு வேறு சில சொல்லிவிடுகிறேன்.

உண்மையிலேயே மார்க்கோ விழுந்துவிட்டால் அடையாளம் வேறு. எல்லாச் சாளரங்களும் தலைப்பை இழக்கும், நகர்த்த முடியாது, புதியவை இடப்பக்க மேல்மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழும். கன்ட்ரோல், ஆல்ட், டி விசைகளும் அப்போது பயன்படா. அவற்றைக் கவனிப்பவர் மார்க்கோவே. பின்திரையில் வலச்சொடுக்குச் செய்து டெர்மினலைத் திறந்து, சுட்டியை அச்சாளரத்தின்மேல் நிறுத்தியபடியே எம்-ஏ-ஆர்-சி-ஓ, இடைவெளி, இரண்டு சிறுகோடுகள், ஆர்-இ-பி-எல்-ஏ-சி-இ என எழுதினால் சட்டங்கள் திரும்பும். சாளரங்கள் அலைபோல் ஆடவேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகள் 'காம்பிஸ்' என்னும் வேறொருவரை அமர்த்தியிருந்தால், அங்கே சாளர அலங்காரம் என்ற தெரிவு நீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மூடும் பொத்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை என்றால் அது பழுதே அன்று. 'நோம்' திரையமைப்பின் மூன்றாம் பதிப்பு 2011 ஏப்ரலில் வெளிவந்தபோது, சிறிதாக்கும் பொத்தானையும் பெரிதாக்கும் பொத்தானையும் ஆக்கியோரே நீக்கிவிட்டனர். எனக்கு அம்முடிவு இன்றளவும் உடன்பாடில்லை. 'ட்வீக்ஸ்' என்னும் துணைநிரலில் அவற்றை மீட்கலாம். அந்த நோமில் பட்டையும் சட்டமும் ஒரே ஆளின் பொறுப்பு என்பதால், மேற்சொன்ன கட்டளைகள் அங்கே செல்லா. வெளியேறி மீண்டும் உள்நுழைவதே எளிது.

பங்கு மண்டபத்தில் மறைக்கல்வி வகுப்புக்குப் புரொஜெக்டரை இணைத்துவிட்டு வீடு திரும்பியபின் பட்டை காணவில்லை என்பாரும் உண்டு. இல்லாத இரண்டாம் திரையில் அது நின்றுகொண்டிருக்கும். திரை அமைப்பில் கணினியின் சொந்தத் திரையை முதன்மையாக்கினால் வந்துவிடும். இவை எவற்றாலும் தீராவிட்டால், கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் கோளாறு பழைய கணக்கின் குறிப்பேட்டில் மட்டுமே. இயங்குதளத்தைத் தொட வேண்டியதில்லை. தமிழிலேயே இவற்றைப் பயில விரும்புவோர்க்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருள்கள் பற்றி எழுதிவரும் 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது.

அன்றிரவு மருமகனிடமிருந்து நெடுநேரம் ஓசையில்லை. பழைய கணினி மெதுவாகத்தானே எழும். பிறகு தொலைவில் ஆர்மோனியச் சுருதியும், அதன்மேல் என் மைத்துனரின் கனத்த குரலும் கேட்டன. தங்கை தொலைபேசியை வாங்கினாள்.

"ஒன்பது நாற்பதுண்ணே" என்றாள். "மணி தெரியுது."