ஆட்டிசத்துக்கு மூளைத் தூண்டல் சிகிச்சை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்து இல்லை. தலையில் ஒரு கருவியை வைத்தால் கவனமும் நினைவாற்றலும் கூடும். இப்படி ஒரு சிகிச்சை இருக்குன்னு கேள்விப்பட்டால், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு ஆசை வரத்தான் செய்யும். அறிவியல் என்ன சொல்கிறது?

இது என்ன சிகிச்சை?

இரண்டு வகை உண்டு. டி.எம்.எஸ். முறையில், தலைக்கு வெளியே வைக்கும் காயில் காந்தத் துடிப்புகளை அனுப்பும். அது மூளையின் மேற்பரப்பில் லேசான மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு இதைச் செய்து காட்டியது. டி.டி.சி.எஸ். முறையில், 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை சுமார் 20 நிமிடம் தலை வழியே செலுத்துவார்கள். 'ஷாக் ட்ரீட்மென்ட்' வேறு, இது வேறு.

அப்போ இது டுபாக்கூரா?

இல்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., டி.எம்.எஸ். கருவிகளை மனச்சோர்வுக்கு 2008-லும், ஓ.சி.டி.க்கு 2018-லும் அனுமதித்தது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இந்த முறைகள் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் ஆட்டிசத்துக்கு எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை. 'அனுமதி பெற்ற கருவி' என்பது வேறு, 'ஆட்டிசத்துக்கு அனுமதி பெற்ற சிகிச்சை' என்பது வேறு.

ஆய்வில் என்ன தெரிந்தது?

கனடாவின் டொரன்டோவில் 16 முதல் 35 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள 40 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு நிஜ டி.எம்.எஸ்., மற்றவர்களுக்குப் போலி டி.எம்.எஸ்.; தலா 20 அமர்வுகள். திட்டமிடுதல், தகவலை நினைவில் வைத்து வேலை செய்தல் போன்ற திறன்களில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அன்றாடச் செயல்திறன் குறைவாக இருந்தவர்களிடம் மட்டும் சற்று நம்பிக்கையான அறிகுறி தெரிந்தது. அதை உறுதிப்படுத்தப் பெரிய ஆய்வுகள் தேவை.

திருவண்ணாமலை குடும்பத்துக்கு இதன் விலை என்ன?

ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலை வழியாகப் போனால் பெங்களூரு சுமார் 200 கி.மீ. 20 அமர்வு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் நான்கு வாரம். சிகிச்சைக் கட்டணத்தோடு ரூம் வாடகை, சம்பளமில்லா லீவு எல்லாம் சேரும். அதைவிடப் பெரிய இழப்பு, பிள்ளைக்கு ஊரில் நடக்கும் பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயல்பாட்டுப் பயிற்சியும் நின்றுபோவது. இந்தப் பயிற்சிகளுக்கு அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களை அணுகலாம். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு.

என்ன கேட்க வேண்டும்?

1. இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வுக்காகத் தரும் சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை.

2. வலிப்பு ஆபத்தைப் பரிசோதித்தார்களா? ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். டி.எம்.எஸ். அரிதாக வலிப்பைத் தூண்டலாம்.

3. பிள்ளைக்கு இது சம்மதமா? டி.எம்.எஸ். கருவி 'டக் டக்' என்று பலமாகச் சத்தம் போடும். சத்தமும் தொடுதலும் தாங்காத பிள்ளைக்கு அந்த 20 அமர்வுகளே வேதனையாகலாம்.

இந்த மூன்றுக்கும் நேரடியான பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கட்ட அவசரம் வேண்டாம்.