பாட்டியிடம் யார் கேட்டது?

எண்பதைத் தாண்டிய பாட்டியை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறோம். "தொண்டையில் குழாய் விட்டு மிசினில் போடலாமா?" என்கிறார் டாக்டர். அங்கேயே அண்ணன் தம்பிக்குள் சண்டை. வேண்டாம் என்றவன் பெற்றவளைக் கொன்ற பாவி!

ஐரோப்பாவில் 21 நாடுகளில், 2016-17இல் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 80 வயதும் அதற்கு மேலும் ஆன 5,021 பேரைக் கணக்கெடுத்தார்கள். முப்பது நாளுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள். மற்றவர்கள் அதுவரை உயிரோடு இருந்தார்கள். ஆகவே, "வயசாயிடுச்சு, விடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஆனால், நோய் வருமுன்பே உடல் தளர்ந்து, எதற்கும் ஆள் துணை தேடியவர்களே அதிகம் இறந்தார்கள். எனவே டாக்டரிடம் வயதை மட்டும் சொன்னால் போதாது. போன மாதம் பாட்டி தானே குளித்தாரா, கடைக்கு நடந்தாரா என்பதையும் சொல்லுங்கள்.

குழாய் உள்ளே போய்விட்டால் பேச்சு வராது. லயத்திலோ தாமான் வீட்டிலோ, தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாரும் கூடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "ஆயா, ரொம்ப முடியாமப் போனா மிசின் வைக்கச் சொல்லட்டா, இல்ல வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துடட்டா?" காலமெல்லாம் பால்மரம் வெட்டினவரை எந்தத் துரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல நாளில் இந்தப் பேச்சா என்று மருமகள் முகம் சுளிக்கலாம். ஆயா சுளிக்க மாட்டார்.