ஏலத்துக்கு வந்த ஆட்டக்காரர்

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஊருக்கு மேற்கே தெரியும் மலைச் சரிவுகளில் விளைவது. மற்றொன்று, அவ்வாறு விளைந்ததை விலை பேசுவதற்காக ஊருக்குள்ளே நடப்பது. வியாபாரிகள் காயைக் கையில் கொட்டிப் பார்க்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமன் உள்ள காய்க்கு ஒரு மதிப்பு. சிறுத்த காய்க்கு ஒரு மதிப்பு. வெடித்ததற்கும் வெளுத்ததற்கும் வேறொரு மதிப்பு. ஏலக்காய்க்கு இதில் மானமும் இல்லை, அவமானமும் இல்லை.

மனிதர்களையும் இப்படித் தரம் பிரித்து ஏலம் கூறுகிறார்கள் என்பதை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். நமது சடுகுடு இருக்கிறதே, அது 'புரோ கபடி' என்ற பெயரில் 2014-ஆம் வருஷம் முதல் பெரிய நகரங்களின் கொட்டகைகளில் ஆடப்பட்டு வருகிறது. ஆட்டக்காரர்களை ஏ, பி, ஸி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். 2023-ஆம் வருஷத்து ஏலத்தில் முதல் வகுப்பாருக்கு ஆரம்ப விலை 30 லட்சம் ரூபாய். கடைசி வகுப்பாருக்கு 9 லட்சம். 2014-இல் நடந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் ஸ்ரீ ராகேஷ் குமார். விலை 12 லட்சத்து 80 ஆயிரம். எட்டு வருஷம் கழித்து, 2022-இல், ஸ்ரீ பவன் ஷெராவத் என்பவரைத் 'தமிழ் தலைவாஸ்' அணியார் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். ஏலக்காய் கூட இவ்வளவு வேகமாக விலை ஏறியதில்லை என்று போடி வியாபாரிகள் பெருமூச்சு விட்டால் நாம் ஆச்சரியப்பட மாட்டோம்.

ஆனால் ஒரு பேதம் உண்டு. ஏலக்காயின் விலை காய்க்குப் போவதில்லை. ஆட்டக்காரரின் விலையோ அந்தப் பருவத்துச் சம்பளமாக ஆட்டக்காரருக்கே போகிறது. இதைக் கேட்ட பிறகும், "விளையாட்டுக்குக் கூலியா? மனிதனுக்கு ஏலமா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் அநேகர் இருக்கிறார்கள். விளையாட்டு உள்ளத்தின் உற்சாகத்துக்காக ஆட வேண்டியது என்பது அவர்களுடைய கட்சி. அழகான கட்சிதான். அதே கட்சியை நூறு வருஷங்களுக்கு முன் மிகுந்த பிடிவாதத்துடன் பேசியவர்கள் இங்கிலாந்து தேசத்துக் கனவான்கள். அவர்கள் பேசியதன் பலன் என்ன ஆயிற்று என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ரக்பி என்று பெயர். ஓடுகிறவன் முன்னால்தான் ஓட வேண்டும். பந்தையோ பின்னால்தான் எறிய வேண்டும். எதிர்க் கட்சியார் அவனைக் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்ப்பார்கள். கட்டிப் பிடித்து அமுக்கும் இந்த அம்சத்தில் அது நமது சடுகுடுவுக்குத் தூரத்து உறவு. இங்கிலாந்தின் தென்பகுதியில் பணக்காரப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் அதை ஆடினார்கள். வடபகுதியிலோ, நிலக்கரிச் சுரங்கங்களிலும் நெசவாலைகளிலும் வேலை செய்தவர்கள் ஆடினார்கள். பந்தயம் சனிக்கிழமையில். வெளியூர்ப் பந்தயத்துக்குப் போகிற ஆலைத் தொழிலாளி சனிக்கிழமைக் கூலியை இழந்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். இழந்த கூலியை மாத்திரம் ஈடு செய்யலாமா என்று யார்க்‌ஷயர் கிளப்புகள் 1893-இல் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கேட்டன. கூடாது என்று சங்கத்தார் தீர்மானித்தார்கள். கூலிக் கவலை இல்லாதவர்கள் கூலியின் பேரில் கொண்ட வெறுப்பு எப்பொழுதுமே பரிசுத்தமானது!

இதிலே ஒரு வேடிக்கை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிடுகிற ரக்பிக் கோப்பைக்குக் 'கல்கத்தா கோப்பை' என்று பெயர். கல்கத்தாவில் வெள்ளையர் வைத்திருந்த ரக்பி கிளப் கலைந்தபோது பாங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது அது. கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. நம் தேசத்து ரூபாயை உருக்கிக் கோப்பை செய்தால் விளையாட்டின் தூய்மைக்குப் பங்கமில்லை. சுரங்கத் தொழிலாளிக்கு ஆறு ஷில்லிங் கொடுத்தால் மட்டும் பங்கம்!

1895-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி ஹடர்ஸ்பீல்டு நகரத்தில் ஒரு ஹோட்டலில் வடபகுதிக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடித் தனிச் சங்கம் அமைத்துக் கொண்டார்கள். பின்னால் 'ரக்பி லீக்' என்று பெயர் பெற்றது அதுதான். ஆரம்பத்தில் அவர்கள் கொடுக்கச் சம்மதித்தது இழந்த வேலைக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். அதற்கு மேல் இல்லை. 1898-இல் பகிரங்கமாகச் சம்பளம் கொடுக்கத் துணிந்தபோதும், ஆட்டக்காரனுக்கு வேறு ஒழுங்கான தொழில் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று விதி செய்தார்கள். இந்த விதியை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் தெளிவானது. ஸிட்னி நகரத்தில் அலெக்ஸ் பர்டன் என்று ஒரு நாவிதர் இருந்தார். 1907-இல் தம் மாகாணத்துக்காக ரக்பி ஆடியபோது அடிபட்டு, தொழில் செய்ய முடியாமல் போயிற்று. நாவிதருக்குக் கை ஓய்ந்தால் கடை ஓய்ந்தது என்றுதானே பொருள்? சங்கத்தார் நஷ்ட ஈடாக ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த வருஷமே அங்கேயும் தனிச் சங்கம் தோன்றிவிட்டது. அதன் மூலகாரணங்களில் ஒன்றாக இந்த நாவிதரின் காயத்தை இன்றும் சொல்லுகிறார்கள். கனவான்களின் பழைய சங்கமோ 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், பிளவு நேர்ந்து சரியாக நூறு வருஷம் ஆகும் சமயத்தில், "இனிச் சம்பளம் வாங்கலாம்" என்று அனுமதி கொடுத்தது. ஒரு நாள் கூலியைப் பற்றி யோசிக்க ஒரு நூற்றாண்டு!

ஆகவே பணத்துக்காக ஆடும் ரக்பி, பேராசையில் பிறந்ததன்று. இழந்த கூலியிலும் அடிபட்ட உடம்பிலும் பிறந்தது. இந்தக் கண்ணோடு நமது ஏலமலைச் சரிவைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்குகின்றன.

போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கங்களிலிருந்தும் பொழுது விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டுப் பாதையின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, எல்லைக்கு அப்பால் உள்ள ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டு போகின்றன. ஏலக்காய் மரத்தில் தொங்குவதல்ல. செடியின் அடித்தூரில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. பெண்கள் குனிந்தும் குந்தியுமே எடுக்க வேண்டும். அதுவும் ஒரே தடவையில் முடிவதில்லை. பழுத்த பக்குவம் பார்த்துச் சுற்றுச் சுற்றாக எடுக்க வேண்டும். ஆண்கள் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறார்கள், மருந்து அடிக்கிறார்கள், ஈரச் சரிவில் மூட்டை சுமக்கிறார்கள். முதுகும் முழங்காலும் நல்ல நிலையில் உள்ளவரைதான் இதில் ஜீவனம்.

இந்த ஜில்லாக்களின் கிராமங்களில் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி இரவு முழுவதும் விளக்கொளியில் கபடிப் பந்தயம் நடப்பதுண்டு. சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் உண்டு. பரிசை ஏழு பேரும் வெளியே உட்கார்ந்திருப்பவர்களும் பங்கிட்டு, வான் வாடகையும் கழித்தால், மறுநாள் ஜீப்பைத் தவறவிட்ட கூலிக்குச் சரியாய்ப் போகும். அந்த வாலிபனும் யார்க்‌ஷயர் ஆலைத் தொழிலாளியும் சந்தித்தால், பாஷை தெரியாமலே ஒருவரையொருவர் புரிந்து கொண்டிருப்பார்கள்.

2014-க்கு முன் கபடியினால் ஜீவனம் நடத்துவதென்றால் நம் நாட்டில் ஒரே வழிதான் இருந்தது: உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் ஆடி, ஜில்லாவுக்கு ஆடி, மாகாணத்துக்கு ஆடி, ரயில்வேயிலோ போலீஸிலோ பாங்கியிலோ விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பிடிக்க வேண்டும். 'வேறு தொழில் இருந்தால்தான் ஆடலாம்' என்று 1898-இல் வெள்ளைக்காரர் செய்த விதியை நாம் தலைகீழாக்கி, 'ஆடினால்தான் தொழில் கிடைக்கும்' என்று வைத்துக் கொண்டோம்! இதைக் குறைவாகச் சொல்லவில்லை. 1990-இல் பீகிங் நகரத்து ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து பாரத அணிக்குத் தங்கம் தேடித் தந்தவர்களில் தமிழர் உண்டு. ஸ்ரீ ராஜரத்தினமும், தூத்துக்குடி ஜில்லா மணத்தி கிராமத்து ஸ்ரீ கணேசனும் அர்ஜுன விருது பெற்றது பெரும் பணம் இந்த ஆட்டத்துக்குள் நுழைவதற்கு வெகு காலம் முன்பு.

இரண்டு காலத்தையும் கண்டவர் தஞ்சை ஜில்லாவில் 1975-இல் பிறந்த ஸ்ரீ தர்மராஜ் சேரலாதன். முதல் ஏலம் நடந்தபோது அவருக்கு வயது 39. கபடி ஆடுகிறவர்கள் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளராகும் வயது அது. அந்த வயதில் இவருக்குப் புதிய ஜீவனம் ஆரம்பமாயிற்று. மூலையில் நின்று, பாடி வருகிறவன் காலைப் பின்னிழுக்கும் அந்த அரைக்கணத்தில் கணுக்காலைப் பற்றுவதுதான் அவர் வித்தை. இதற்கு ஓட்டத்தைவிடப் பொறுமை முக்கியம். வயது அதைத் திருடுவதில்லை. 2016 ஜூலையில் பாட்னா அணிக்குத் தலைமை வகித்துப் பட்டத்தை வென்றார். அதே வருஷம் அக்டோபரில் ஆமதாபாதில் ஈரானை 38-29 என்று ஜயித்து உலகக் கோப்பை பெற்ற பாரத அணியிலும் அவர் இருந்தார். 2019-இல், 44-ஆம் வயதில், ஹரியானா அணிக்குத் தலைவர். தம் வயதில் பாதிகூட ஆகாத வடக்கத்தி வாலிபர்கள் அவரை 'அண்ணா' என்று தமிழிலேயே அழைத்தார்கள்.

எல்லா முழங்காலும் சேரலாதனுடைய முழங்கால் அல்ல. 2 கோடியே 26 லட்சத்துக்கு வந்த பவன் ஷெராவத், 2022 அக்டோபரில் தமிழ் தலைவாஸுக்காக ஆடிய முதல் பந்தயத்திலேயே முழங்கால் பிசகி விழுந்தார். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அவர் இல்லாமலே அந்த அணி முதல் தடவையாக அரையிறுதி வரை போனது தனி விசேஷம். நல்ல வைத்தியமும் போதிய ஓய்வும் கிடைத்தன. மறு வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் அணியார் அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்துக் கொண்டார்கள். குணமான முழங்காலுக்கு விலை ஏறிவிட்டது!

மலையடிவாரத்துப் பந்தயத்தில் அதே முழங்கால் பிசகினால் நடப்பது வேறு. துண்டைக் கிழித்துக் கட்டுவார்கள். விழாக் கமிட்டியார் கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். நண்பர்கள் தங்களுக்குள் வசூலிப்பார்கள். ஜீப் மட்டும் அவனுக்காக நிற்காது. பந்தய நோட்டீஸுகளில் முதற் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த பிடிவீரருக்குப் பரிசு எல்லாம் உபயதாரர் பெயருடன் கொட்டை எழுத்தில் அச்சாகின்றன. காயப்பட்டவர் வைத்தியத்துக்கும் இழந்த கூலிக்கும் உபயம் இன்னார் என்று ஒரு வரி சேர்த்தால் அச்சுக்கூடத்தார் அதிகமாகக் கேட்கப் போவதில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரிகளுக்குப் பஞ்சமில்லை. கோப்பை வழங்குகிறவர்கள் பெரும்பாலும் இத்தகையவர்களே. ஒரு வருஷம் கோப்பையை அரை அடி குட்டையாகச் செய்யச் சொல்லி, மிச்சத்தை அந்த வரிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். கோப்பை குட்டை என்று எந்த அணியும் ஆட வராமல் இருந்துவிடாது.